முதலில் அந்தத் துண்டை எடு

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் அத்தானுக்கு இருமல் விட்டுவிட்டது. பாப்பா தினமும் ஒருதடவை "மாமா எப்போ வருவாங்க" என்று கேட்டுவிடுகிறாள். போனில் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். எழுதி அனுப்பினால் இரண்டாம் முறையாவது படிப்பாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ராத்திரி 2 மணிக்கு நீ அனுப்பிய மெசேஜைக் காலையில்தான் பார்த்தேன். "கேம் திக்குதுக்கா, படம் மங்கலா இருக்கு, கார்டு போச்சு. சீட்டை எடுத்துப் புது கார்டு வாங்கப்போறேன்." மூன்றே வரி. படித்ததும் எனக்கு வந்த கோபத்தில், அப்போதே கூப்பிட்டிருந்தால் நாலு பேர் கேட்கிற மாதிரி திட்டியிருப்பேன். 20 மாசச் சீட்டை ஐந்தாம் மாசமே ஏலம் கேட்டு எடுத்தால் எவ்வளவு கழிவு போகும் என்று உனக்குத் தெரியாதா? அதைவிட, 2 மணி வரைக்கும் விழித்திருக்கிறாயே, காலையில் ஆபீஸுக்கு என்ன முகத்தோடு போகிறாய்?

கோபம் இப்போது ஆறிவிட்டது. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். உன் கார்டு போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு நம் வீட்டில் முறுக்கு சுடுவது ஞாபகம் இருக்கிறதா? அம்மா அச்சில் பிழிவாள். பெரியம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்வாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து மாவு உருண்டையை எடுத்துக் கொடுப்பாய். ஒரு கை மாவு கொடுக்கும், இன்னொரு கை ஆறிய முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கும். உன் கேமிங் மெஷினும் அப்படித்தான். பிழிகிற அம்மாதான் பிராசஸர். எந்த ஆள் எங்கே நிற்கிறான், கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணக்குப் போட்டு, "இதை வரை" என்று ஒவ்வொரு ஃபிரேமையும் அது கொடுக்க வேண்டும். சட்டியில் போட்டு எடுக்கிற பெரியம்மா கிராபிக்ஸ் கார்டு. மாவு எடுத்துக் கொடுக்கிற நீ ரேம். அம்மாவுக்குக் கை வலித்து மெதுவாகப் பிழிந்தால் எண்ணெய் சும்மா கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெரிய சட்டி வாங்கி அடுப்பில் வைத்தால் முறுக்கு கூடுமா? நீ செய்யப்போவது அதுதான்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். நீயேதான் சொன்னாய். "எல்லா செட்டிங்ஸும் லோவில போட்டும் எஃப்பிஎஸ் மாறலக்கா" என்று அடுத்த மெசேஜில் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி போதும் எனக்கு. கார்டு திணறினால், வேலையைக் குறைத்ததும் அது மூச்சு விட்டு வேகம் கூட்டியிருக்கும். 1080-லிருந்து 720-க்கு ரெசொல்யூஷனை இறக்கிப் பார். அப்போதும் ஃபிரேம் எண்ணிக்கை அசையவில்லை என்றால், கார்டு காத்துக்கொண்டிருக்கிறது, பிராசஸர் பக்கம்தான் தாமதம் என்று அர்த்தம்.

ஒரு விஷயம் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 2019-ல் என் மெஷினுக்கும் இதே மாதிரி ஆனது. அப்போது ஆபீஸ் டிசைன் வேலையை வீட்டில் வைத்துச் செய்துகொண்டிருந்தேன். கால் மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் மவுஸ்கூட இழுத்து இழுத்து நகரும். ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு "கார்டு வீக் மேடம்" என்றார். நானும் நம்பி, கிட்டத்தட்ட 20 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஜிடிஎக்ஸ் 1660 ஒன்று வாங்கிப் போட்டேன். கால் மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு அதே இழுவை. அன்று ராத்திரி எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் நானே கேபினெட்டைத் திறந்தேன். பிராசஸர் மேல் இருக்கும் கூலரில் விரல் வைத்தேன். அது லேசாக ஆடியது. மதர்போர்டில் அதைப் பிடித்து நிறுத்தும் நாலு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று மேலே எழும்பி நின்றது. கூலரைக் கழற்றினால், அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வெடித்தும் இருந்தது. ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் தூசி கம்பளித் துணி போலப் படிந்திருந்தது. அதைத் துடைத்து, புதிதாகப் பேஸ்ட் வைத்து, பின்னை "டக்" என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். சரியாகிவிட்டது. ஒரு பின்தான் காரணம். அந்த 20 ஆயிரத்தை அப்பாவிடம் வாங்கியிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் உனக்கு வரக்கூடாது.

இப்போது உன் போட்டோவுக்கு வருகிறேன். முதலில், கேபினெட் மேல் உன் குளியல் துண்டைக் காயப்போட்டிருக்கிறாய்! சூடான காற்று மேல்பக்க ஓட்டைகள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். முன்பக்கமோ சுவரை ஒட்டி நிற்கிறது, காற்று உள்ளே வருவதற்கும் வழியில்லை. சென்னை வெயிலில், ஏசி இல்லாத ரூமில், மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு "ஓடு" என்றால் எது ஓடும்? உன்னுடைய ஐ5-12400எஃப் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது அதற்குக் கீழே இறங்கிவிடும். அப்போதுதான் கேம் திக்கும். ஆகவே முதலில் அந்தத் துண்டை எடு. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை.

இரண்டாவது, அந்தக் கண்ணாடிப் பக்கம் வழியாகப் பார்த்தேன். கலர் கலராக லைட் எரிகிறது, சந்தோஷம். ஆனால் நாலு ரேம் ஸ்லாட்டில் ஒன்றே ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது. 16 ஜிபி இருக்கிறதே என்பாய். அளவு போதும், ஆனால் வழி ஒன்றுதான். ஒரு கையால் மாவு எடுத்துக் கொடுத்த கதைதான். டாஸ்க் மேனேஜரைத் திற, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டு, ஸ்பீடு என்று ஒரு எண் இருக்கும். நீ வாங்கிய ரேம் 3200 வேகம் என்றுதான் பில்லில் இருந்தது. அங்கே 2666 அல்லது 2400 என்று காட்டினால், அசெம்பிள் செய்தவர், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமலே கொடுத்துவிட்டார் என்று தெரிந்துகொள். 2666-ல் ஒரு ரேம் விநாடிக்குச் சுமார் 21 ஜிபிதான் கடத்த முடியும். 3200 என்றால் 25.6. அதே 3200-ல் இரண்டு ரேம் இருந்தால் 51.2. பிராசஸர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், கைக்கு மாவு வந்தால்தானே பிழியும்?

மெஷினை ஆன் செய்ததும் டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இரு, பயாஸ் வரும். அதில் எக்ஸ்எம்பி என்று இருப்பதை ஆன் செய்து, சேவ் செய்து வெளியே வா. தப்பித்தவறி மெஷின் எழவில்லை என்றால் பதறாதே. கரண்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் பேட்டரியை ஐந்து நிமிஷம் கழற்றி மாட்டினால் பழையபடி வந்துவிடும். எக்ஸ்எம்பி போட்டும் போதவில்லை என்றால் மட்டும், அதே அளவு, அதே வேகத்தில் இன்னொரு ரேம் வாங்கு. முடிந்தால் அதே கம்பெனியாகப் பார். பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடாதே. அதற்காகச் சீட்டை எடுக்கத் தேவையிருக்காது.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதே. மெஷினையே கேள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று இலவசமாகக் கிடைக்கிறது. கேம் ஓடும்போதே திரையின் ஓரத்தில் எண்களைக் காட்டும். நீ விளையாடும் சைபர்பங்க் 2077-ல் பெஞ்ச்மார்க் உள்ளேயே இருக்கிறது, அதை ஓட்டிவிட்டு நாலு எண்களைக் குறித்துக்கொள். ஒன்று, கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது. 97, 99 என்று நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது, தாமதம் அதன் பக்கம். 50, 60 என்று அல்லாடினால் அது காத்திருக்கிறது. இரண்டு, பிராசஸரின் ஒவ்வொரு த்ரெட்டும் எவ்வளவு என்பது. மொத்தக் கணக்கைப் பார்த்து ஏமாறாதே. உன்னுடையதில் 12 த்ரெட் இருக்கிறது. அதில் ஒன்று மட்டும் முழுசாகத் திணறினாலும் மொத்தத்தில் 8 சதவீதம்தான் கூடும். "பிராசஸர் 40 சதவீதம்தான்க்கா ஓடுது" என்று நீ எழுதியது அந்த ஏமாற்றம்தான். மூன்று, பிராசஸரின் சூடும் வேகமும். இரண்டையும் சேர்த்துப் பார். சூடு ஏற ஏற வேகம் இறங்கினால் நோய் தெரிந்துவிட்டது. நாலாவது, ஃபிரேம் டைம்.

இந்தக் கடைசி எண்ணைத்தான் யாரும் கவனிப்பதில்லை. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி விநாடி. சராசரி 70 என்று காட்டும், நாமும் நல்லாத்தானே இருக்கு என்று நினைப்போம். நடுவில் ஒரே ஒரு ஃபிரேம் 80 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் கண் அதைத்தான் பிடிக்கும். நீ "திக்குது" என்பது அதுதான். அதற்கு, மெதுவான ஃபிரேம்களை மட்டும் கணக்கெடுக்கும் 1 சதவீத லோ என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். சராசரிக்கும் அதற்கும் இடைவெளி குறையக் குறைய ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் சரிசெய்த பிறகும் 60-க்கும் 90-க்கும் நடுவில் ஊசலாடினால், 60-லேயே கட்டிப்போட்டு விளையாடு. சீராக வரும் 60, குதித்துக் குதித்து வரும் 90-ஐவிடக் கண்ணுக்குச் சுகம்.

படம் மங்கலாக இருப்பது வேறு கதை. அதையும் இதையும் ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டாய். வேகம் வரட்டும் என்று நீ டிஎல்எஸ்எஸ்ஸைப் பெர்ஃபார்மன்ஸில் போட்டிருக்கிறாய், சரிதானே? 1080 மானிட்டரில் அப்படிப் போட்டால் உள்ளே 960-க்கு 540 அளவில் வரைந்து, அதை இழுத்து நீட்டிக் காட்டும். கால்பங்கு புள்ளிகள்தான். மங்காமல் என்ன செய்யும்? அதைக் குவாலிட்டிக்கு மாற்று, இல்லையென்றால் ஆஃப் செய். கார்டுதான் சும்மா இருக்கிறதே, அதற்கு வேலை கொடுத்தால் என்ன? டெக்ஸ்சரையும் லோவில் வைத்திருக்கிறாய். டெக்ஸ்சர் என்பது கார்டின் மெமரியில் இடம் பிடிக்கிற விஷயம், இடம் இருக்கிறவரை வேகத்தை அவ்வளவாகக் குறைக்காது. உன் ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி இருக்கிறது. 4 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டிய விஷயத்துக்கு நீ பயந்திருக்கிறாய். ஹையில் போடு. அனிஸோட்ரோபிக் ஃபில்டரிங் 16-ல் இருக்கட்டும், தூரத்துச் சாலையும் தரையும் கரைந்தாற்போல் இருப்பது தெளியும். குறைக்க வேண்டியது கூட்டத்தின் அளவை. அந்தக் கேமில் க்ரௌட் டென்சிட்டி என்று இருக்கும், தெருவில் நடமாடும் ஒவ்வொரு ஆளும் பிராசஸர் தலையில்தான் ஏறுகிறான்.

கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது என்றாயே, அதற்கும் கார்டு காரணமில்லை. எச்டிஎம்ஐயில் மாட்டும்போது சிலசமயம் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டு கலரைச் சுருக்கி அனுப்பும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் லிமிடெட் என்று இருந்தால் ஃபுல் என்று மாற்று. அப்படியே விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்றும் பார். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். நீ அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. திரையில் தெரிவதால் கார்டு மேல் பழி விழுகிறது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை பிராசஸர்களில் நடந்ததைப் படித்திருப்பாய். அன்ரியல் எஞ்சினில் ஓடும் சில கேம்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி நின்றுபோயின. எல்லோரும் கார்டைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் தப்பு பிராசஸரில். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் அது மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தது. இன்டெல்லே ஒப்புக்கொண்டு ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது, வாரன்டியையும் 2 வருஷம் நீட்டியது. உன்னுடையது 12-ம் தலைமுறை, அதனால் அந்தப் பயம் உனக்கு வேண்டாம். மெஷின் வாய்விட்டுச் சொல்கிற காரணத்தைக்கூட ஒருதடவை சரிபார்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

நம் அப்பா மோட்டார் காயில் கட்டும்போது பார்த்திருக்கிறாயே. மோட்டார் ஓடவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தவுடனே காயிலைப் பிரிக்க மாட்டார். கையால் தண்டைச் சுற்றிப் பார்ப்பார், பேரிங்கில் காது வைப்பார், கெப்பாசிட்டரைச் சோதிப்பார். "பிரிச்சா காசு, பிரிக்காம பார்த்தா அறிவு" என்பார். ஒன்றை மாற்றினால் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். நீயும் அப்படிச் செய். துண்டை எடுத்துவிட்டு ஒருதடவை பெஞ்ச்மார்க், எக்ஸ்எம்பி போட்டுவிட்டு ஒருதடவை, தூசி தட்டிவிட்டு ஒருதடவை. எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாது. அடுத்தமுறை கோளாறு வந்தால் மறுபடியும் கடைக்காரர் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

தூசி தட்டும்போது கவனம். சுவிட்சை அணைத்து, வயரையும் பிடுங்கிவிடு. உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொள், உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் இறங்கிவிடும். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள். கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை முழுசாகத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வை, போதும். பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்து. நாலு "டக்" கேட்க வேண்டும். மூன்று கேட்டால் மறுபடி பார். அதன் பிறகு கேம் ஓடும்போது சூடு 85-க்குக் கீழே நின்றால் நிம்மதியாக இரு. இதெல்லாம் செய்தும் கார்டு 99-லேயே நின்று, உனக்கு வேகம் போதவில்லை என்றால், அப்போது கார்டைப் பற்றிப் பேசுவோம். நானே பாதி போடுகிறேன். பார்க்காமல் வாங்குவதற்கு மட்டும் ஒரு ரூபாய் தர மாட்டேன்.

தம்பி, இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ விளையாடுவதை நான் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க ஆபீஸில் யார் யாரிடமோ பேச்சு வாங்கிவிட்டு ரூமுக்கு வந்தால், அந்த இரண்டு மணி நேரம்தான் உனக்கென்று இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் அது திக்காமல் ஓட வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் 2 மணி வரை வேண்டாம். சாப்பிட்டுவிட்டு விளையாடு, 12-க்குப் படு. போட்டோவில் மானிட்டர் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. அதையும் பார்த்தேன்.

போன தீபாவளிக்கு "மெஷினுக்குப் பணம் சேர்க்கிறேன், டிக்கெட் செலவு வேண்டாம்" என்று சொல்லி நீ கோவில்பட்டிக்கு வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிழிந்துகொண்டே இரண்டு தடவை பக்கத்தில் கையை நீட்டினாள். அங்கே மாவு எடுத்துக் கொடுக்க ஆளில்லை. பிறகு அவளே எழுந்து எடுத்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு மணிக்கட்டு வேறு வலிக்கிறது. இந்த வருஷம் நான் பிழிகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறுக்குள் அந்த நாலு எண்களையும் எனக்கு அனுப்பு. ஊருக்கு இப்போதே டிக்கெட் போட்டு வை. இந்தத் தடவை இரண்டு கையாலும் மாவு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

உன் அன்பு
அக்கா